18446744073709551615: அறுபத்து நான்கு ஒன்றுகளின் கணக்கு

கேள்வி இது: 18446744073709551615 பகா எண்ணா, பகு எண்ணா? கையால் காரணிப்படுத்த வழி உண்டா? எக்செலில் இட்டால் கடைசி ஐந்து இலக்கங்களும் சுழியமாகின்றன. பைத்தானில் 2^64-1 என்று எழுதிச் சோதித்தால் பகா எண் என்று விடை வருகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம். இது பகு எண்தான். ஏழு பகா எண்களைப் பெருக்கினால் வருவது:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. எண்ணின் பிறப்பு தெரிந்தால் இந்த ஏழையும் தாளும் பேனாவும் வைத்தே எடுத்துவிடலாம். பிறப்பு தெரியாமல் இருபது இலக்கங்களை மட்டும் வெறித்துப் பார்த்தால் பாதி வழியில் நின்றுவிடும்.

முதலில் எண்ணை வாசித்துக்கொள்வோம். கடைசி ஏழு இலக்கங்களை ஒரு பிரிவாகவும், அதற்கு முந்தைய ஏழை இன்னொன்றாகவும் வெட்டினால், 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி, 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டம் வரை இரட்டித்தால் மொத்தம் வருவது இந்த எண்தான். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் பால்பாயசக் கதையில் அரசனை மாட்டிவிட்டதும் இதுவே. ஒரு கிராமுக்கு 40 அரிசி என்று கொண்டால் ஏறக்குறைய 46,117 கோடி டன். உலகின் இன்றைய ஆண்டு விளைச்சலை வைத்துப் பார்த்தால் பல நூறு ஆண்டு அறுவடை. அரசன் தப்பித்ததே பெரிது.

1 + 2 + 4 + … + 2⁶³ என்ற கூட்டல் 2⁶⁴ − 1 ஆகும். இரும முறையில் எழுதினால் 64 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். கீழே வரும் எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்து வருபவைதான்.

அதற்கு முன், பிறப்பு தெரியாதவர் செய்யக்கூடிய பள்ளிக்கூடச் சோதனைகள். கடைசி இலக்கம் 5, ஆகவே 5ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 15, ஆகவே 25ஆல் வகுபடாது. இலக்கங்களின் கூட்டல் 87. அது 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. 7, 11, 13 ஆகிய மூன்றுக்கும் ஒரே கணக்குப் போதும், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து மாறி மாறிக் கூட்டிக் கழியுங்கள்: 615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18 = 1016. அதில் 1001 போக 15. பதினைந்தை 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் மீதி 4, 13ஆல் மீதி 2. மூன்றாலும் வகுபடாது. இந்தக் கணக்கில் பலரும் சறுக்கும் இடம் 073. அந்த முன் சுழியத்தை விட்டுவிட்டு 737, 095 என்று பிரிவை நகர்த்திவிடுவார்கள். வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் இந்தத் தவறு வராது.

இப்போது 64 ஒன்றுகளுக்கு வருவோம். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஒவ்வொரு ஜோடியும் 11, அதாவது 3. ஆகவே 3ஆல் வகுபடும். நான்கு நான்காகச் சேர்த்தால் 1111, அதாவது 15. எட்டெட்டாக 255, பதினாறு பதினாறாக 65535, இரண்டு சம பாதியாக 4294967295. இவை அத்தனையும் காரணிகள். இதையே இயற்கணிதத்தில் எழுதினால் வர்க்க வித்தியாசச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான்:

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)
= (2³² + 1)(2¹⁶ + 1)(2¹⁶ − 1)
= (2³² + 1)(2¹⁶ + 1)(2⁸ + 1)(2⁴ + 1)(2² + 1)(2 + 1)

மதிப்பு போட்டால் 4294967297 × 65537 × 257 × 17 × 5 × 3. இந்த ஆறும் ஃபெர்மா எண்கள், அதாவது 2இன் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளோடு 1 கூட்டினால் வருபவை. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா, இந்த வரிசையில் எல்லாமே பகா எண்களாக இருக்கும் என்று கருதினார். 1732இல் ஆய்லர் ஆறாவது எண்ணிலேயே அதை உடைத்தார்: 4294967297 = 641 × 6700417.

641 எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்த எண்ணின் மிக ருசியான பகுதி. ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்திருந்தால் 641 நூற்றுப் பதினாறாவது. ஆனால் அத்தனை வகுத்தல் தேவையில்லை. ப என்ற பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 2³²ஐ ப-ஆல் வகுக்கும்போது மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1. அதற்கு முன் எந்த அடுக்கிலும் மீதி 1 வந்திருக்க முடியாது, ஏனென்றால் அந்த அடுக்கு 64ஐ வகுக்க வேண்டும். 64ஐவிடச் சிறிய அப்படிப்பட்ட அடுக்குகள் எல்லாம் 32ஐயும் வகுப்பதால், 2³²இன் மீதியும் 1 ஆகிவிடும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2இன் (ப − 1)ஆம் அடுக்கும் மீதி 1 தரும். ஆகவே ப − 1 என்பது 64இன் மடங்கு. இன்னும் ஒரு படி உண்டு. ப-ஐ 8ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், ப-ஆல் வகுக்கும் கணக்கில் 2 ஒரு வர்க்க எண்ணாகிறது. அதன் வர்க்கமூலத்துக்கு 128ஆவது அடுக்கில்தான் முதன்முதலாக மீதி 1 வரும். ஆகவே ப − 1 என்பது 128இன் மடங்கு. இந்தக் கூர்மையான வடிவத்தைத் தந்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா.

128இன் மடங்கோடு 1 கூட்டுங்கள்: 129, 257, 385, 513, 641. இவற்றில் 129, 385, 513 பகு எண்கள். 257 ஏற்கெனவே வரிசையில் வந்த ஃபெர்மா எண், இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது. ஆக, முதல் உண்மையான சோதனையே 641தான். அது வகுத்துவிடுகிறது!

நீண்ட வகுத்தலும் வேண்டாமென்றால் இதோ சுருக்கம். 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதல் சமன்பாட்டின்படி 5 × 2⁷இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவது சமன்பாட்டின்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ போடலாம். ஆகவே −2³²இன் மீதி 1, அதாவது 2³² + 1இன் மீதி 0.

எஞ்சியது 6700417. இதன் வர்க்கமூலம் 2588க்கும் 2589க்கும் இடையில். பகு எண் என்றால் 2588க்குள் ஒரு பகாக் காரணி இருக்க வேண்டும், அதுவும் 128இன் மடங்கு கூட்டல் 1 என்ற வடிவில். அந்த வடிவில் 20 எண்கள்தான் உண்டு, அவற்றில் பகா எண்கள் ஐந்தே ஐந்து. வகுத்தால் வரும் மீதிகள்:

257: மீதி 170
641: மீதி 44
769: மீதி 120
1153: மீதி 334
1409: மீதி 622

எதுவும் சுழியம் இல்லை. ஆகவே 6700417 பகா எண். ஐந்து வகுத்தலில் முடிந்துவிட்டது.

பிறப்பு தெரியாமல், சிறிய பகா எண்ணிலிருந்து வரிசையாக வகுத்துக்கொண்டே போகும் நிரல் எழுதினால் என்ன ஆகும்? அதுவும் நொடிப்பொழுதில் முடியும், ஆனால் அது இந்த எண்ணின் அதிர்ஷ்டம். 3, 5, 17, 257, 641 எடுத்த பிறகு 439125228929 மிஞ்சும். 65537 வரை போனால் அதுவும் உடைந்து 6700417 நிற்கும். அதன் வர்க்கமூலம் 65537ஐவிடச் சிறியது என்பதால் மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை. 65537 பகா எண்களின் வரிசையில் 6543ஆவது. அவ்வளவு வகுத்தல்தான். வரிசையாக வகுக்கும் முறையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எண்ணின் நீளமல்ல, இரண்டாவது பெரிய பகாக் காரணியின் அளவு. இதைப் பலர் கவனிப்பதில்லை. அருகில் இருக்கும் 18446744073709551557ஐ அதே நிரலில் போட்டுப் பாருங்கள். 2⁶⁴க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் அது. அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 20 கோடிக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்த பிறகுதான் நிரல் ஓயும். நம் எண்ணோடு 2 கூட்டினால் வரும் 18446744073709551617 அடுத்த ஃபெர்மா எண். அதன் சிறிய காரணியே 274177, மற்றது 67280421310721. லாந்த்ரி இதை வெளியிட்டது 1880இல்தான். ஆய்லர் முந்தையதை உடைத்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து.

பகா எண்ணா என்று மட்டும் தெரிந்தால் போதும், காரணி வேண்டாம் என்பவர்கள் சிறு தேற்றச் சோதனையைப் போடுவார்கள். அடிமானம் 2ஐ எடுத்து, எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வர வேண்டும். நம் எண்ணுக்கு 2இன் அடுக்குகள் 64க்கு ஒருமுறை சுழல்கின்றன. அடுக்கை 64ஆல் வகுத்தால் மீதி 62. ஆகவே கிடைப்பது 2⁶², அதாவது 4611686018427387904. ஒன்று இல்லை, எனவே பகு எண். ஆனால் இதே சோதனையை 4294967297க்குப் போட்டால் மீதி 1 வந்து ஏமாற்றிவிடும். அங்கே அடுக்கு 2³², அது 64இன் மடங்கு. அடிமானத்தை 3 ஆக மாற்றினால் மீதி 3029026160 வந்து குட்டு வெளிப்படும். ஆக, 2ஐ மட்டும் வைத்துச் சோதித்து நிறுத்தாதீர்கள். 64 பிட்டுக்குள் அடங்கும் எண்களுக்கு சிறு தேற்றச் சோதனையின் கடுமையான வடிவமான மில்லர்–ராபின் சோதனையை 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடிமானமாக வைத்துச் செய்தால் விடை உறுதி.

காரணிகளின் எண்ணிக்கை எளிது. ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், ஆகவே 2⁷ = 128. அவற்றின் கூட்டுத்தொகை 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418 = 31421980989189888768. இது எண்ணின் 1.703 மடங்கு. இரண்டு மடங்கைத் தொடாததால் இது குறைவுள்ள எண். இந்தக் கூட்டலைக் குறியற்ற 64 பிட் மாறியில் செய்தால் 12975236915480337152 என்று வரும். அது தவறு என்று பார்த்தவுடனே சொல்லலாம், ஏனென்றால் காரணிகளில் எண்ணும் ஒன்று, எனவே கூட்டுத்தொகை எண்ணைவிடச் சிறியதாக முடியாது. 64 பிட் நிரம்பி வழிந்து 2⁶⁴ காணாமல் போயிருக்கிறது.

எண்ணைவிடச் சிறியதாகவும் அதோடு பொதுக் காரணி இல்லாமலும் இருக்கும் எண்கள் எத்தனை? ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும். 2 × 4 × 16 × 256 × 65536 என்பது நேராக 2³¹. அதோடு 640, 6700416 இரண்டையும் பெருக்கினால் 9208981628670443520. பாதிக்குச் சற்றுக் குறைவு. இது வெறும் அலங்கார எண்ணல்ல. ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்பது ஒவ்வொரு படியிலும் பிட்டுகளை ஓரிடம் நகர்த்தி, சில இடங்களின் பிட்டுகளைச் சேர்த்துப் புதிய பிட்டை நுழைக்கும் சுற்று. 64 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஒன்றை, சுழியம் தவிர்த்த எல்லா நிலைகளையும் தொட்டுவிட்டு வரும்படி அமைத்தால் அதன் சுழற்சி நீளம் சரியாக நம் எண். 64, 63, 61, 60 ஆகிய இடங்களிலிருந்து பிட் எடுப்பது அப்படி ஓர் அமைப்பு. எந்த இடங்களிலிருந்து பிட் எடுப்பது என்பதை ஒரு பல்லுறுப்புக்கோவையாக எழுதலாம். இப்படி முழுச் சுழற்சி தரும் பல்லுறுப்புக்கோவைகளின் எண்ணிக்கை, மேலே சொன்னதை 64ஆல் வகுத்தால் வரும் 143890337947975680. புதிதாக ஒன்றை வடிவமைப்பவர், முழு நீளத்தில் தொடக்க நிலைக்குத் திரும்புகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. நீளத்தை ஏழு பகாக் காரணிகளாலும் தனித்தனியே வகுத்து, அந்த ஏழு இடங்களில் எதிலும் திரும்பவில்லை என்றும் காட்ட வேண்டும். 641ஐ மறந்துவிட்டால், சுழற்சி 641 மடங்கு குட்டையாக இருந்தும் கண்ணில் படாமல் போகலாம்.

வர்க்கங்கள் பக்கம் போனால், இது வர்க்க எண் அல்ல. 5இல் முடியும் வர்க்கம் 25இல்தான் முடியும், இது 15இல் முடிகிறது. 8ஆல் வகுத்தால் மீதி 7 என்பதால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவோ எழுத முடியாது. லக்ராஞ்சின் தேற்றப்படி நான்கு போதும். தேடாமலே அந்த நான்கையும் கட்டிவிடலாம். 3ஐத் தவிர மற்ற ஐந்து ஃபெர்மா எண்களும் வர்க்கம் கூட்டல் 1: 2² + 1², 4² + 1², 16² + 1², 256² + 1², 65536² + 1². இரண்டு வர்க்கக் கூட்டல்களைப் பெருக்கினால் மீண்டும் இரண்டு வர்க்கக் கூட்டலே வரும். படிப்படியாக 7² + 6² = 85, 106² + 103² = 21845, 27033² + 26474² = 1431655765. கடைசிப் படியில் எண்ணின் மூன்றிலொரு பங்கு 1771608214² + 1735027097² ஆகிறது. அ² + ஆ²ஐ மூன்றால் பெருக்கினால் (அ + ஆ)² + (அ − ஆ)² + அ² + ஆ² என்பதால்,

18446744073709551615 = 3506635311² + 1771608214² + 1735027097² + 36581117²

கடைசி இரண்டு இலக்கங்களைச் சரிபாருங்கள்: 21 + 96 + 09 + 89 = 215, முடிவு 15.

கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்களோடும் இதற்கு உறவு உண்டு. 1796இல் காஸ் 17 பக்கப் பலகோணத்தை வரையலாம் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்கம் என்றால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். நம் எண்ணின் 128 காரணிகளில் 641, 6700417 கலக்காதவை 32. ஒன்றை நீக்கினால் 31. இன்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் இந்த 31 மட்டுமே, பெரியதற்கு 4294967295 பக்கம். ஆனால் நம் எண் அளவு பக்கமுள்ள பலகோணத்தை வரைய முடியாது, 641 குறுக்கே நிற்கிறது. தட்டுகளை ஒவ்வொன்றாக, பெரியது சிறியதன் மேல் வராமல், ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஹனோய் கோபுரப் புதிரில் 64 தட்டுகளை நகர்த்தவும் இதே எண்ணிக்கைதான். நொடிக்கு ஒரு நகர்வு என்றால் 58,454 கோடி ஆண்டு. அந்தப் புதிரை 1883இல் வெளியிட்டவர், மேலே 128இன் மடங்கைத் தந்த அதே லூக்கா.

இனி கணினி விடைகள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மிச்சத்தைச் சுழியமாக்கிவிடும். ஆகவே அங்கே இருப்பது 18446744073709500000, வேறொரு எண். அதை வைத்துச் செய்யும் எந்த வகுபடு சோதனையும் வீண். ஜாவாஸ்கிரிப்டில் 18446744073709552000 என்று காட்டும், உள்ளே இருப்பது 2⁶⁴. அங்கே சாதாரண எண்களுக்கு 53 பிட் துல்லியம்தான், இந்த அளவில் 2⁶⁴க்குக் கீழே அடுத்து இருக்கும் எண் 2048 தள்ளி இருக்கிறது. நம் எண் தானாகவே மேலே உருண்டுவிடுகிறது. 3ஆல் வகுத்து மீதி கேட்டால் 0க்குப் பதில் 1 வரும். சி மொழியில் குறியற்ற 64 பிட்டில் சரியாக அடங்கும், அந்த வகையின் உச்ச மதிப்பே இதுதான். ஒன்று கூட்டினால் 0. அதே பிட்டுகளைக் குறியுள்ள வகையாகப் படித்தால் −1.

பைத்தானில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை, அங்கே தவறு எண்ணில் இல்லை, குறியீட்டில். அடுக்குக்கு அங்கே இரண்டு நட்சத்திரம், 2**64-1. ^ என்பது இரண்டு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 தரும் செயல். அதோடு கழித்தல் முதலில் நடக்கும் என்பதால் 2^64-1 என்பது 2^63 ஆகி, விடை 61. அது பகா எண்தான். உங்கள் நிரல் சரியாகவே சொல்லியிருக்கிறது, ஆனால் 61ஐப் பற்றி.